ஆயிரத்து நானூறு ஆண்டுப் பகை என்னும் வசதியான கதை

ஈரானும் இராக்கும் செய்தியில் சேர்ந்து வரும்போதெல்லாம் ஒரு விளக்கம் தயாராக வந்து நிற்கும். அரபியருக்கும் பாரசீகருக்கும் ஆயிரத்து நானூறு ஆண்டுப் பகை. சன்னியும் ஷியாவும் என்றைக்கும் ஒத்துப்போனதில்லை. 1980இல் தொடங்கி எட்டு ஆண்டுகள் நடந்த போர் அந்தப் பழைய கணக்கின் புதிய பக்கம். ஷத் அல் அரப் ஆறு அதற்கு வாய்த்த களம். தொலைக்காட்சி விவாதத்தில் இரண்டு நிமிடம் கிடைத்தவரும் இதைச் சொல்கிறார், தடித்த புத்தகம் எழுதியவரும் இதைச் சொல்கிறார். சதாம் உசேனே இதைத்தான் சொன்னார். தன் படையெடுப்புக்கு அவர் சூட்டிய பெயர் கதிசிய்யா. ஏழாம் நூற்றாண்டில் அரபுப் படைகள் சாசானியப் பாரசீகத்தை முறியடித்த போர்க்களத்தின் பெயர் அது.

இந்தக் கதைக்குத் துணையாக இன்னொன்றும் உலவுகிறது. தீராப் பகைவர்களான இரண்டு கீழைப் பேரரசுகளுக்கு நடுவே பிரிட்டனும் ரஷ்யாவும் பொறுமையாக அமர்ந்து, வரைபடம் வரைந்து, தூண் நட்டு, ஒரு ஒழுங்கான எல்லையை உண்டாக்கிக் கொடுத்தன; அவர்கள் போன பிறகு பழைய வெறி மறுபடி தலைதூக்கியது என்கிறது அது.

இரண்டுமே தவறு. ஆற்றுச் சண்டைக்கு ஆயிரத்து நானூறு வயது கிடையாது. தாராளமாகக் கணக்குப் போட்டாலும் இருநூறு வயதுகூட ஆகவில்லை. அதைப் பெற்றெடுத்ததில் நடுவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

முதலில் ஆற்றைப் பார்க்கலாம். டைகிரிசும் யூப்ரடீசும் குர்னா என்ற ஊரருகே கலந்து, சுமார் 200 கிலோமீட்டர் ஓடிப் பாரசீக வளைகுடாவில் விழுகின்றன. அந்தக் கூட்டு ஆறுதான் ஷத் அல் அரப். மேற்குக் கரையில் பாஸ்ரா. கீழே, ஈரானிய மலைகளிலிருந்து வரும் காரூன் ஆறு வந்து கலக்கும் இடத்தில் முகம்மரா. இன்றைய பெயர் கோர்ராம்ஷஹர். அதற்கும் கீழே அபாதான் தீவு. ஏறக்குறைய முகம்மராவிலிருந்து கடல்வரை உள்ள கீழ்ப்பகுதிதான் எல்லைத் தகராறுக்கு உரியது. கடலின் ஏற்றம் நாளுக்கு இருமுறை ஆற்றின் நன்னீரை மேல்நோக்கித் தள்ள, அந்த நீர் வாய்க்கால் வழியே இரு கரைகளின் பேரீச்சந் தோப்புகளுக்கும் தானாகப் பாய்ந்தது. உலகின் மிகப் பெரிய பேரீச்சை வளாகங்களுள் ஒன்று இப்படித்தான் உருவானது. தோப்புக்காரர்கள் அக்கரையிலும் இக்கரையிலும் நிலம் வைத்திருந்தார்கள். முகம்மராவின் ஷேக்குகளுக்கு உதுமானியக் கரையில் தோப்புகள் இருந்தன. குவைத்தின் ஆட்சியாளர்களுக்கு ஆற்றின் வாயிலுள்ள ஃபாவ் பகுதியில் இருந்தன.

அந்தக் கரைகளில் வாழ்ந்தவர்கள் யார்? இரண்டு பக்கமும் அரபி பேசியவர்கள். இரண்டு பக்கமும் பெரும்பாலோர் ஷியாக்கள். அவர்களை ஆண்டவர்கள் யார்? மேற்கே உதுமானியத் துருக்கியர். கிழக்கே, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, துருக்கிய இனக்குழுவிலிருந்து வந்த கஜார் வம்சம். எல்லை பேசப்பட்ட காலம் முழுவதும் இஸ்தான்புல்லின் சுல்தானும் அரபியர் இல்லை, தெஹ்ரானின் ஷாவும் பாரசீகக் குலத்தவர் இல்லை. இந்த ஆற்றங்கரையில் அரபியர்-பாரசீகர் பகையைத் தேடுகிறவர், முதலில் அங்கே அந்த இரண்டு தரப்பையும் எதிரெதிரே நிறுத்திக் காட்ட வேண்டும். கதிசிய்யா நடந்த காலத்தில் பாரசீகர்கள் ஜொராஸ்திரர்கள்; சன்னி, ஷியா என்ற பிளவு இன்னும் உருவாகியிருக்கவே இல்லை என்பது கூடுதல் தகவல்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். உதுமானியரும் அன்று ஈரானை ஆண்ட சஃபாவியரும் மதத்தின் பெயரால் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டதில்லையா? வெட்டிக்கொண்டார்கள். 1514இல் சால்திரான் போர், பாக்தாத் கைமாறிக் கைமாறிச் சிதைந்தது, முத்திரையிட்ட மதத் தீர்ப்புகள் எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் போர்கள் பாக்தாத், தப்ரீஸ் போன்ற நகரங்களுக்காகவும் காக்கேசியப் பகுதிகளுக்காகவும் நடந்தவை. 1639இல் நான்காம் முராதும் ஷா சஃபியும் செய்துகொண்ட சுஹாப் உடன்படிக்கையைப் படித்தால் இது விளங்கும். அது கோட்டைகளைப் பிரிக்கிறது, மலைக்கணவாய்களைப் பிரிக்கிறது, ஜாஃப் பழங்குடியின் எந்தக் கிளை யாருக்கு என்றுகூடச் சொல்கிறது. தென்கோடி ஆற்றில் கோடு எங்கே என்று அது கவலைப்படவில்லை. 1746இல் நாதிர் ஷாவும் 1823இல் கஜார்களும் செய்த உடன்படிக்கைகள் அதே 1639ஐ மறுபடி உறுதிப்படுத்தியதோடு சரி. நடுவே பாரசீகத்தை ஆண்ட கரீம் கான் சாந்த் 1776இல் பாஸ்ராவைப் பிடித்து மூன்று ஆண்டு வைத்திருந்தார். அவருக்கு வேண்டியிருந்தது பாஸ்ராவின் வணிகம். நீரின் நடுக்கோடு அவர் நினைப்பிலேயே இல்லை.

அன்று அரசு என்பது வரி கொடுக்கிற மனிதர்கள்மீது இருந்தது, மண்ணின் கடைசி அங்குலத்தின்மீது இல்லை. காஅப் என்ற அரபுப் பழங்குடி இந்தக் கழிமுகத்தில் ஓங்கியிருந்தது. அவர்கள் வசதிப்பட்டபோது பாரசீகத்துக்குக் கப்பம் கட்டினார்கள், வேறு சமயம் உதுமானியருக்குக் கட்டினார்கள், முடிந்தபோது யாருக்கும் கட்டாமல் இருந்தார்கள். பேரரசுகளுக்கு இது எரிச்சலாக இருந்தது. தாங்க முடியாததாக இல்லை.

தாங்க முடியாமல் போனது சுங்கத்தால். காரூன் வாயில் முகம்மரா வளர்ந்தது; அங்கே வரி குறைவு; வணிகர்கள் பாஸ்ராவை விட்டு அங்கே போனார்கள். 1837இல் பாக்தாத் ஆளுநர் அலி ரிசா பாஷா படையுடன் வந்து முகம்மராவைச் சூறையாடினார். ஷா அப்போது ஹெராத் முற்றுகைக்காகக் கிழக்கே போயிருந்தார். அடுத்து 1843 ஜனவரியில் பாக்தாதின் புதிய ஆளுநர் நஜீப் பாஷா ஷியாக்களின் புனித நகரமான கர்பலாவில் நடத்திய படுகொலை. அதில் ஈரானியர் பலரும் மாண்டார்கள். தெஹ்ரான் கொதித்தது. மதம் இங்கே எரிபொருளாக இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் முகம்மராவை எரித்த தீ, வசூலாகாமல் போன சுங்கத்தில் பற்றிய தீ.

இந்த இடத்தில்தான் பெரிய அரசுகள் உள்ளே வருகின்றன. ஏன் வந்தன என்பதை அவற்றின் நல்லெண்ணத்திடம் கேட்பதைவிட நிலப்படத்திடம் கேட்பது நல்லது. ரஷ்யா 1828 துர்க்மன்சாய் உடன்படிக்கையில் பாரசீகத்திடமிருந்து அராஸ் ஆற்றுக்கு வடக்கே உள்ள நிலத்தைப் பறித்து முடித்திருந்தது. பிரிட்டனுக்கு இந்தியாவுக்கான குறுக்குவழி வேண்டும். 1835இல் செஸ்னி என்ற அதிகாரி நீராவிப் படகுகளைப் பாகம் பாகமாகச் சுமந்துபோய் யூப்ரடீசில் இறக்கிப் பார்த்தது அதற்காகத்தான். உதுமானியரும் கஜார்களும் மோதிக்கொண்டால் மற்றவன் உள்ளே புகுந்துவிடுவானோ என்பது லண்டனுக்கும் பீட்டர்ஸ்பர்க்குக்கும் பொதுவான பயம். வரப்புத் தகராறைத் தீர்க்க வந்த பஞ்சாயத்தார் இருவருமே அந்த நிலத்தின்மேல் கண் வைத்தவர்களாக இருந்தால் தீர்ப்பு எப்படி இருக்கும்? எர்சுரும் நகரில் 1843இல் கூடிய நாற்தரப்புப் பேச்சுவார்த்தை அப்படித்தான் இருந்தது.

நான்கு ஆண்டு பேசினார்கள். பிரிட்டனுக்கு வில்லியம்ஸ், ரஷ்யாவுக்குத் தைனேசே, உதுமானியருக்கு என்வரி எஃபெந்தி, பாரசீகத்துக்கு மிர்சா தகி கான். பின்னாளில் அமீர் கபீர் என்ற பட்டத்தோடு பிரதமராகி, ஈரானைச் சீர்திருத்த முயன்று, 1852இல் ஷாவின் ஆணையாலேயே கொல்லப்பட்டவர் இவர்தான். பேச்சு நடந்த ஊரில் ஒரு கும்பல் இவர் தங்கியிருந்த வீட்டைத் தாக்கியது, உயிர் தப்பினார். 1847 மே 31இல் கையெழுத்தான எர்சுரும் உடன்படிக்கை முகம்மரா நகரையும் துறைமுகத்தையும் அபாதான் தீவையும், பாரசீகக் குடிகள் என்று ஒப்புக்கொள்ளப்பட்டவர்கள் வாழும் கிழக்குக் கரை நிலத்தையும் ஈரானுக்குக் கொடுத்தது. பதிலுக்கு ஈரான் சுலைமானியா மீதிருந்த உரிமையை விட்டது. ஈரானியக் கப்பல்கள் ஆற்றில் தடையின்றிப் போகலாம்.

ஆறு யாருக்கு? உடன்படிக்கை வாய் திறக்கவில்லை.

இது மறதி என்று நம்புவது கடினம். ரைன் ஆற்றில் பிரான்சுக்கும் ஜெர்மானிய நாடுகளுக்கும் எல்லை எது என்ற கேள்விக்கு 1801 லூனவில் உடன்படிக்கை தெளிவாகப் பதில் சொல்லியிருந்தது: கப்பல் செல்லும் ஆழமான தடத்தின் கோடு. ‘தால்வெக்’ என்று இன்று சட்ட நூல்கள் சொல்வது அதைத்தான். ஐரோப்பாவில் அரை நூற்றாண்டாகப் புழங்கிய ஒரு விதி, ஐரோப்பிய நடுவர்கள் எழுதிக்கொடுத்த உடன்படிக்கையில் காணாமல் போயிற்று. தெளிவின்மை சில சமயம் தவறு, சில சமயம் பண்டம். இங்கே அது பண்டமாகத்தான் விற்கப்பட்டது.

விற்பனை எப்படி நடந்தது என்று பார்த்தால் நடுவர் கதை மேலும் கந்தலாகும். கையெழுத்துப் போடுமுன் இஸ்தான்புல் தயங்கியது: முகம்மராவைக் கொடுத்தால் ஆற்றையும் கொடுத்ததாக ஆகிவிடுமோ? பிரிட்டிஷ், ரஷ்யத் தூதர்கள் 1847 ஏப்ரலில் ஒரு விளக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள். குறிப்பிட்ட இடங்களுக்கு அப்பால் எதுவும் ஈரானுக்குப் போகாது என்று அது உறுதி சொன்னது. ஈரானிடம் கேட்டார்களா? உடன்படிக்கை கையெழுத்தான பிறகு, அதை உறுதிசெய்யும் சடங்கின்போதுதான் அந்தத் தாள் ஈரானியத் தூதர் மிர்சா முகம்மது அலி கானின் முன்னால் வைக்கப்பட்டது. 1848 ஜனவரியில் அவர் அதை ஏற்றுக் கையொப்பமிட்டார். அவருக்கு அந்த அதிகாரம் கொடுக்கவே இல்லை என்றது தெஹ்ரான். அடுத்த தொண்ணூறு ஆண்டு இந்தத் தாள் செல்லுமா செல்லாதா என்பதைச் சுற்றியே சண்டை சுழன்றது. கதிசிய்யாவைத் தேடி ஏழாம் நூற்றாண்டுக்குப் போகிறவர்கள் வழியில் 1848இல் ஒரு நிமிடம் இறங்கிப் பார்க்கலாம்.

ஏகாதிபத்தியத்தை எதிர்க்கும் எழுத்தில் புழங்கும் ஒரு வழக்கமான வாசகத்தையும் இங்கே மறுக்க வேண்டியிருக்கிறது. மத்திய கிழக்கின் எல்லைகள் எல்லாம் யாரோ ஒரு வெள்ளைக்காரர் மதிய உணவுக்குப் பின் அளவுகோல் வைத்து இழுத்த கோடுகள் என்பார்கள். இந்த எல்லை அப்படிப்பட்டதல்ல. அளவுக்கு மீறிய கவனத்தோடு வரையப்பட்டது. 1849 முதல் 1852 வரை நால்வர் ஆணையம் முகம்மராவிலிருந்து அராரத் மலைவரை நடந்தது. உடன் போன நிலவியலாளர் லாஃப்டஸ், போகிற போக்கில் சூசா, வர்க்கா தொல்லிடங்களைத் தோண்டிப் புகழ்பெற்றார். உதுமானிய ஆணையர் தர்வீஷ் பாஷா, அளக்கப் போன இடத்திலேயே கோத்தூர் பகுதியைப் படை வைத்துப் பிடித்துக்கொண்டார். பிறகு பிரிட்டிஷ், ரஷ்ய வரைபடக்காரர்கள் தனித்தனியே வரைந்தார்கள், இரண்டும் பொருந்தவில்லை, கிரிமியப் போர் குறுக்கிட்டது, இரண்டையும் இணக்கி ஒரே வரைபடமாக்க 1869 ஆயிற்று. இத்தனைக்கும் பிறகு அந்த வரைபடம் காட்டியது பல மைல் அகலமுள்ள ஒரு பட்டை. அதற்குள் எங்கோ எல்லை இருக்கிறது என்பதோடு நின்றது. பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பாமர்ஸ்டன் 1851லேயே, பிரிட்டனும் ரஷ்யாவும் தாமாக ஒரு முடிவைத் திணித்தால் ஒழிய இந்த எல்லை ஒருநாளும் தீராது என்ற கருத்துக்கு வந்திருந்தார். இது அறியாமையால் வந்த வினை என்றால் மன்னிக்கலாம். அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

திணிக்கும் நாள் வந்தபோது காரணம் எண்ணெய். 1908 மே மாதம் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. 1909இல் அபாதானில் சுத்திகரிப்பு ஆலைக்கான இடத்தை ஆங்கிலோ பாரசீக எண்ணெய் நிறுவனத்தினர் ஷேக் கசாலிடம் குத்தகைக்கு எடுத்தார்கள். இவர் பெயரளவுக்கு ஷாவின் குடி. நடைமுறையில் முகம்மராவின் அரசர். பேரத்தை முடித்தவர் பிரிட்டிஷ் அதிகாரி பெர்சி காக்ஸ். 1912இல் ஆலை ஓடத் தொடங்கியது. 1914இல் பிரிட்டிஷ் அரசே அந்த நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. கப்பற்படை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது.

அந்த ஆண்டுகளில் ஈரானின் நிலையை நினைவில் கொள்ள வேண்டும். 1907இல் பிரிட்டனும் ரஷ்யாவும் அந்த நாட்டைத் தங்களுக்குள் செல்வாக்கு மண்டலங்களாகப் பங்கு போட்டுக்கொண்டன, ஈரானைக் கேட்கவில்லை. 1911 இறுதியில் ரஷ்யாவின் கெடுவிதிப்பால் மஜ்லிஸ் என்னும் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. மறு ஆண்டு, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மறுத்துவந்த அந்த விளக்கக் குறிப்பை ஈரான் ஏற்றுக்கொண்டது. நாடாளுமன்றம் இல்லாத நாட்டை, வடக்கில் ரஷ்யப் படை நிற்கும் நாட்டைக் கையொப்பமிட வைத்ததற்கு ‘மத்தியஸ்தம்’ என்று பெயர் சூட்ட ராஜதந்திர வரலாற்றாசிரியர்களுக்கு மட்டுமே மனம் வரும். 1913 ஜூலையில் பிரிட்டனும் உதுமானியரும் தமக்குள் ஆற்றை முடிவு செய்தார்கள். நவம்பர் 4இல் கான்ஸ்டான்டிநோபிள் நெறிமுறை கையெழுத்தானது: ஆறு கிழக்குக் கரைவரை உதுமானியருக்கு, சில தீவுகளும் முகம்மரா துறைமுகத்தின் எதிரே மட்டும் நடுக்கோடும் ஈரானுக்கு. குவைத், பாக்தாத் ரயில், வளைகுடா ஆதிக்கம் என்று உதுமானியரோடு நடந்த பெரிய பேரத்தில் இந்த ஆறு ஒரு சில்லறை.

1914இல் ஆணையம் மறுபடி களமிறங்கியது. ரஷ்யத் தரப்பில் பிற்காலத்தில் பெரும் கீழைத்தேய அறிஞராகிய மினோர்ஸ்கி, பிரிட்டிஷ் தரப்பில் ராட்டிஸ்லாவும் ஆர்னால்ட் வில்சனும். நிலத்தை அளக்க இந்திய சர்வே துறையிலிருந்து ரைடர் தலைமையில் ஒரு குழு போனது. 200க்கும் மேற்பட்ட தூண்களை நட்டுக்கொண்டே அக்டோபர் இறுதியில் அராரத் அடிவாரத்தை எட்டினார்கள். சில நாட்களில் உதுமானியப் பேரரசு உலகப் போரில் குதித்தது. நவம்பர் 6இல் இந்தியப் படைப்பிரிவு ஃபாவில் இறங்கியது. அதே மாதம் 22இல் பாஸ்ரா பிரிட்டன் கையில். எல்லைக்கு நடுவராக வந்தவர், தூண்களின் சுண்ணாம்பு காயுமுன் ஒரு கரையின் உரிமையாளராக ஆகிவிட்டார்.

ஷேக் கசாலுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிட்டு நகரலாம். பிரிட்டன் அவருக்கு எழுத்தில் உறுதிமொழி கொடுத்திருந்தது. 1925இல் ஈரானின் பிரதமர் ரேசா கான் அவரைப் பிடித்துத் தெஹ்ரானுக்குக் கொண்டுபோனபோது லண்டன் அசையவில்லை. ஈரானில் பலமான மைய அரசு இப்போது அதற்கு வசதியாக இருந்தது.

இராக் என்ற புதிய நாடு இந்த எல்லையை வாரிசுச் சொத்தாகப் பெற்றது. 1934இல் அது உலக நாடுகள் சங்கத்திடம் முறையிட்டது. அங்கே இரு தரப்பும் வைத்த வாதங்களைப் படிப்பவர், மூதாதைப் பகையைத் தேடினால் ஏமாந்து போவார். விளக்கக் குறிப்பில் கையொப்பமிட்டவருக்கு அதிகாரம் இல்லை, 1913 நெறிமுறை மஜ்லிஸில் நிறைவேறவில்லை என்றது ஈரான். உங்களுக்கு 2,000 கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது, எங்களுக்குக் கடலுக்கு இருப்பது இந்த ஒரு வாசல் என்றது இராக். அதற்காகப் பேசியவர் அதன் வெளியுறவு அமைச்சர் நூரி அல் சயீத். இரண்டுமே வலுவான வாதங்கள். வக்கீல்கள் வாதாடும் விஷயம் இது. 1937 ஜூலை 4இல் ஒரு சமரசம் வந்தது: அபாதானுக்கு எதிரே நான்கு மைல் தூரத்துக்கு மட்டும் ஆழ்தடம், மற்ற இடங்களில் பழையபடி. ஆற்றைக் கூட்டாகப் பராமரிக்க ஓராண்டுக்குள் தனி ஒப்பந்தம் போடுவதாகச் சொன்னார்கள். போடவில்லை. நான்கு நாள் கழித்து இரு நாடுகளும் துருக்கி, ஆப்கானிஸ்தானோடு சேர்ந்து சாதாபாத் நட்புடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஆயிரத்து நானூறு ஆண்டுப் பகைக்கு நடுவே நட்புடன்படிக்கை எப்படி முளைத்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

பகை உண்மையில் சூடேறியது, இராக்கில் மன்னர்கள் போய்த் தேசியவாதிகள் வந்த பிறகு. 1958 புரட்சி பாக்தாதின் மன்னராட்சியை ஒழித்தது. 1968இல் பிரிட்டன் வளைகுடாவை விட்டு விலகுவதாக அறிவித்ததும், காலியாகப் போகும் நாற்காலியில் அமர ஈரானின் ஷா ஆயத்தமானார். 1969 ஏப்ரலில் 1937 உடன்படிக்கை செல்லாது என்று அறிவித்து, சில நாட்களில் ‘இப்னு சினா’ என்ற சரக்குக் கப்பலை, இராக்கியக் கொடியேற்றாமல், போர்க்கப்பல் துணையோடு ஆற்றில் ஓட்டிக் காட்டினார். இராக் சுடவில்லை. அதோடு ஷா இராக்கின் குர்துகளுக்கு ஆயுதமும் கொடுத்தார். 1972 முதல் அமெரிக்காவும் சேர்ந்துகொண்டது. இராக்கோடு சோவியத் ஒன்றியம் நட்பு உடன்படிக்கை செய்தது அதே ஆண்டில்தான்.

பிறகு நடந்ததுதான் பழம்பகைக் கதைக்கு மிகவும் சங்கடமான சாட்சி. 1975 மார்ச் 6, அல்ஜியர்ஸ், எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் உச்சி மாநாடு. அல்ஜீரிய அதிபர் பூமெதியன் முன்னிலையில் ஷாவும், அப்போது துணைத் தலைவராக இருந்த சதாம் உசேனும் கட்டியணைத்துக்கொண்டார்கள். ஆறு முழுவதும் எல்லை ஆழ்தடம். பதிலுக்கு ஈரான் குர்துகளைக் கைவிடும். கைவிட்டது. குர்துத் தலைவர் முஸ்தஃபா பர்சானியின் கிளர்ச்சி சில வாரங்களில் சரிந்து, ஆயிரக்கணக்கான குர்துகள் அகதிகளாக எல்லை தாண்டினார்கள். ஒன்றேகால் நூற்றாண்டு பெரிய அரசுகள் தீர்க்காத ஆற்று எல்லையை இரண்டு அயலாரும் ஒரு மாநாட்டின் ஓரத்தில் தீர்த்தார்கள். அதற்கான விலையை, பேச்சு மேசைக்கே அழைக்கப்படாத மூன்றாமவர் கட்டினார்.

அந்த உடன்படிக்கையைத்தான் 1980 செப்டம்பர் 17இல் சதாம் ரத்து செய்தார். ஐந்தாம் நாள் படை புகுந்தது. ஐந்து ஆண்டுக்கு முன் தழுவியவர் ஏன் மாறினார்? ஈரானில் புரட்சி, ராணுவம் கலைந்து கிடந்தது, அமெரிக்காவோடு உறவு அறுந்திருந்தது, புதிய ஆட்சி இராக்கின் ஷியாக்களைத் தூண்டியது. பயமும் வாய்ப்பும் ஒரே நேரத்தில் வந்தன. ஆறு சாக்கு.

போர்க்களமே பழம்பகைக் கொள்கையைச் சோதித்துப் பார்த்துவிட்டது என்று சொல்லலாம். ஈரானின் குசிஸ்தான் மாகாணத்து அரபியர் தம் இனத்தாரை வரவேற்றுத் திரண்டெழுவார்கள் என்று சதாம் கணக்குப் போட்டார். எழவில்லை. 1980 அக்டோபரில் இராக் பிடித்த கோர்ராம்ஷஹரை ஈரான் 1982 மே 24இல் மீட்டது. உடனே மறுபக்கம் அதே தவறைச் செய்தது: பாஸ்ராவின் ஷியாக்கள் தம் மதப்பிரிவாரை வரவேற்பார்கள் என்று நம்பி ஈரான் எல்லை தாண்டியது. அவர்களும் எழவில்லை. இராக்கின் காலாட்படையில் பெரும்பான்மையோர் ஷியாக்கள்; ஆறு ஆண்டு ஈரானுக்கு எதிராக நின்று செத்தவர்கள் அவர்கள். இனம் அழைத்தது, மதப்பிரிவு அழைத்தது, இரண்டு அழைப்புக்கும் ஆற்றங்கரை மக்கள் செவிசாய்க்கவில்லை. கதையைக் கேட்டு நம்பியவர்கள் தலைநகரங்களில் இருந்தார்கள்.

1988 ஆகஸ்டில் போர் நின்றது. இருபுறமும் மாண்டவர்கள் பல லட்சம். 1990 ஆகஸ்டில், குவைத்தைப் பிடித்த இரண்டே வாரத்தில், சதாம் ஈரானிய அதிபர் ரஃப்சஞ்சானிக்கு ஒரு கடிதம் எழுதி 1975 உடன்படிக்கையை மீண்டும் ஏற்றுக்கொண்டார். கிழக்கில் நிற்கும் படைகள் அவருக்குத் தெற்கில் தேவைப்பட்டன. ஒரு கடிதத்தில் எழுதி முடிக்கக்கூடிய பகைக்கு ஆயிரத்து நானூறு ஆண்டு வயது சொல்வது நியாயமா?

நடுவர்களுக்குச் சேரவேண்டிய நற்பெயரையும் மறைக்க வேண்டாம். 1847 முதல் 1914 வரை உதுமானியரும் ஈரானியரும் பெரும்போர் எதிலும் இறங்கவில்லை. எர்சுருமுக்கு அதில் பங்கு உண்டு. வடக்கே மலையில் 1914இல் நட்ட தூண்களின் வரிசையில்தான் துருக்கி-ஈரான், இராக்-ஈரான் எல்லைகள் பெரும்பாலும் இன்றும் நிற்கின்றன. மறுக்கப்படுவது அவர்களின் உழைப்பு அல்ல. அவர்கள் நடுநிலையாளர்கள், தகராறு மட்டும் உள்ளூர்க்காரர்களுடையது என்ற பங்கீடு. அதேபோல் சதாமையும் ஷாவையும் காலனியத்தின் கைப்பாவைகளாக்கி விடுவிப்பதும் சரியில்லை. ஓட்டையான பத்திரத்தை எழுதியவர்கள் ஒருபுறம். அந்த ஓட்டையில் துப்பாக்கிக் குழலை நுழைத்தவர்கள் மறுபுறம்.

பழம்பகைக் கதையால் யாருக்கு லாபம் என்று பார்த்தால் அதன் ஆயுள் ஏன் நீள்கிறது என்பது புரியும். இரு தரப்புக்கும் ஆயுதமோ கடனோ உளவுத் தகவலோ கொடுத்த அரசுகளுக்கு அது பாவமன்னிப்பு. பாக்தாத், தெஹ்ரான் ஆட்சியாளர்களுக்கு அது வீரகாவியம். அவசரமாகக் கட்டுரை முடிக்க வேண்டியவருக்கு ஆவணம் படிக்கும் வேலை மிச்சம்.

இன்று ஆற்றில் பிரச்சினை இல்லாமல் இல்லை. ஆழ்தடம் நிலையானது அல்ல. வண்டல் சேரச் சேர அது நகரும், கோடும் கூடவே நகரும். அதனால் பத்து ஆண்டுக்கு ஒருமுறை இரு நாடுகளும் சேர்ந்து ஆற்றை மறுபடி அளக்க வேண்டும் என்று 1975 நெறிமுறை சொல்கிறது. முதல் முறை வந்திருக்க வேண்டிய 1985இல் இரு கரையிலும் பீரங்கிகள் நின்றன. மூழ்கிய கப்பல்களும் சேறும் தடத்தை அடைத்தன. 2019 மார்ச்சில் ஈரானிய அதிபர் ரூஹானி பாக்தாத் வந்தபோது 1975 உடன்படிக்கைப்படி ஆற்றைச் சேர்ந்து தூர்வார இரு அரசுகளும் ஒப்புக்கொண்டன. இதற்கிடையில் துருக்கியிலும் சிரியாவிலும் இராக்கிலும் எழுந்த அணைகள் டைகிரிஸ், யூப்ரடீசின் நீரைக் குறைத்தன. காரூனின் நீரை ஈரான் உள்நாட்டுக்குத் திருப்பியது. நன்னீரைத் தள்ளிய கடலேற்றம் இப்போது உப்பைத் தள்ளுகிறது. பேரீச்சந் தோப்புகள் இரு கரையிலும் பட்டுப்போகின்றன. 2018 கோடையில் கெட்ட குடிநீரால் பாஸ்ராவில் குறைந்தது 1,18,000 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று சொல்ல 1847, 1913, 1937, 1975 என்று நான்கு உடன்படிக்கைகள் இருக்கின்றன. அந்தக் கோட்டில் எவ்வளவு தண்ணீர் வந்து சேர வேண்டும் என்பதை துருக்கி, சிரியா, இராக், ஈரான் ஆகிய நான்கு நாடுகளையும் கட்டுப்படுத்தும் எந்த உடன்படிக்கையும் இன்னும் சொல்லவில்லை.